பொறியியல் கலந்தாய்வு: சேவை மையத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் வளாகத்திலுள்ள கலந்தாய்வு சேவை மையத்தில் இரண்டு மாதம் எனக்கு டியூட்டி. பிளாஸ்டிக் கவருக்குள் சர்டிபிகேட்டுகளை வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வரும் அப்பாக்களும், பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டே நிற்கும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை எழுதி வைத்தால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று தோன்றியது. தேதி, கட்டண விவரங்களை மட்டும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டுமா?

வேண்டாம். கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகிய பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்களுக்கும், அரசுக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் ஒரே விண்ணப்பம்தான். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதற்குள் அடக்கம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. 2018 முதல் எல்லாமே ஆன்லைன். சென்னைக்கு ரயிலேறி, பெரிய திரையைப் பார்த்து இடம் எடுத்த காலம் போய்விட்டது.

இதற்குள் வராதவை: ஐ.ஐ.டி., என்.ஐ.டி. (ஜே.இ.இ. வழி), நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள். பி.ஆர்க். படிப்புக்கு நாட்டா போன்ற கட்டடக்கலைத் தகுதித் தேர்வு எழுதியிருக்க வேண்டும். அதன் பட்டியலும் தனி.

நுழைவுத் தேர்வு உண்டா?

கிடையாது. 1984 முதல் இருந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான்.

கட்ஆஃப் எப்படிக் கணக்கிடுவது?

கணிதம் 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு, மொத்தம் 200. கணிதத்தில் 87, இயற்பியலில் 78, வேதியியலில் 84 எடுத்த பிள்ளைக்கு 87 + 39 + 42 = 168. தமிழ், ஆங்கிலம், கம்ப்யூட்டர் சயின்ஸ், உயிரியல் மதிப்பெண்களைக் கட்ஆஃபில் சேர்ப்பதில்லை.

மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா என்று யோசிக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பாருங்கள். கணிதத்தில் 4 மதிப்பெண் கூடினால் கட்ஆஃப் 4 கூடும்; வேதியியலில் 4 கூடினால் 2தான். பணமும் பொறுமையும் ஒரு பாடத்துக்கு மட்டும் இருக்கிறதென்றால் கணித விடைத்தாளின் நகலை முதலில் வாங்குங்கள்.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்குச் சமன்படுத்தல் உண்டு. அந்தந்த வாரியத்தில் அந்தப் பாடத்துக்கான அதிகபட்ச மதிப்பெண்ணை வைத்துச் செய்வது அது. இரண்டு பக்கமும் 100 எடுத்தவர் இருந்தால் உங்கள் மதிப்பெண்ணில் எதுவும் மாறாது.

பயோ-மேத்ஸ் குரூப் படித்தவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரலாமா?

தாராளமாக. கணிதம், இயற்பியல், வேதியியல் இருந்தால் போதும். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் கொஞ்சம் சுலபமாக இருக்கும். அதற்கு மேல் வித்தியாசம் தெரியாது.

ரேண்டம் எண் என்று ஒன்று வந்திருக்கிறதே, அது நல்ல எண்ணா?

இந்தக் கேள்வியைச் சிரிக்காமல் கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டேன். ஒரு அம்மா, விண்ணப்பத்துக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த அந்தப் பத்து இலக்கத்தையும் கூட்டிப் பார்த்து, "எட்டு வருது சார், மாத்தித் தருவாங்களா?" என்று கேட்டார்.

ஒரே கட்ஆஃபில் பலர் இருப்பார்கள். அப்போது முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எல்லாமே சமமாக இருந்தால் பிறந்த தேதி. வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால்தான் ரேண்டம் எண்ணுக்கு வேலை. பெரிய எண் முன்னால் போகும். மிகப் பலருக்கு அது கடைசிவரை பயன்படாமலே போய்விடும்.

எந்தச் சான்றிதழில் அதிகம் சிக்கல் வருகிறது?

சாதிச் சான்றிதழில்தான். மத்திய அரசு வேலைக்காக எடுத்த ஓ.பி.சி. சான்றிதழைக் கொண்டுவந்து, இதுவும் பி.சி.தானே என்று கேட்பார்கள். இங்கே வேண்டியது தமிழ்நாடு அரசு கொடுக்கும் சாதிச் சான்றிதழ். அதுவும் மாணவர் பெயரில் இருக்க வேண்டும், அப்பாவுடையது செல்லாது.

இட ஒதுக்கீட்டின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பொது 31 சதவீதம், பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. பொதுப்பிரிவு என்பது யாருடைய தனிச்சொத்தும் கிடையாது. மதிப்பெண் இருந்தால் எந்தச் சமூகத்துப் பிள்ளைக்கும் முதலில் அங்கேதான் இடம் பார்க்கப்படும். அது கிடைக்காதபோதுதான் சமூகப் பிரிவு.

எட்டு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. இடையில் இரண்டு வருடம் பெங்களூருவில் படித்திருந்தால் தேவைப்படும். அதற்கு இ-சேவை மையத்தில் இன்றைக்கே மனுப் போடுங்கள். கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசில் நிற்க இடமிருக்காது.

முதல் பட்டதாரிச் சலுகை யாருக்கு?

குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்காதவர்களுக்கு. அண்ணன் பி.காம். முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. அண்ணன் இதே சலுகையில் படித்துக்கொண்டிருந்தாலும் கிடையாது. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: கலந்தாய்வு வழியாக எடுத்த இடத்துக்குத்தான் இந்தக் கட்டணச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டுச் சான்றிதழை நீட்டினால் பயனில்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் என்றால் என்ன?

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் தனி ஒதுக்கீடு, தனித் தரவரிசை. அதில் இடம் எடுத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டுகிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. பள்ளிக்கூடப் பெயரை வைத்து ஊகிக்காமல் தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தகுதியுள்ள பிள்ளை பொதுத் தரவரிசை, 7.5 தரவரிசை இரண்டிலும் இருக்கும். பொதுவில் கொஞ்சம் நல்ல கல்லூரி வருகிறது, 7.5இல் கொஞ்சம் சுமாரான கல்லூரி இலவசமாக வருகிறது என்ற நிலைமை வரும். வீட்டில் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டுமென்றால், இலவச இடத்தையே எடுக்கச் சொல்வேன். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அதற்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகு விண்ணப்பிக்க வேண்டும்.

போன வருடக் கட்ஆஃபை வைத்து எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று சொல்ல முடியுமா?

கட்ஆஃபை வைத்துச் சொன்னால் தப்பாகிவிடும். ரேங்க்கை வைத்துப் பாருங்கள்.

ஒரு வருடம் கணிதத் தாள் சுலபமாக வந்தால் எல்லோருக்கும் மதிப்பெண் ஏறும். போன வருடம் 180க்குக் கிடைத்த இடத்துக்கு இந்த வருடம் 184 தேவைப்படலாம். மதிப்பெண் வீங்கியிருக்கிறதே தவிர, வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிறவர்களின் எண்ணிக்கை பெரிதாக மாறியிருக்காது. ஒவ்வொரு கல்லூரி, ஒவ்வொரு பாடப்பிரிவு, ஒவ்வொரு சமூகத்துக்கும் போன ஆண்டு கடைசியாக இடம் எடுத்தவரின் ரேங்க் பட்டியல் வெளியாகியிருக்கும். உங்கள் ரேங்க்கை அதோடு ஒப்பிடுங்கள். இடங்களின் எண்ணிக்கை கூடியதா என்றும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் பிரிவில் சில கல்லூரிகள் இடங்களை ஏற்றிக்கொண்டே போகின்றன; அங்கே இந்த வருடம் இன்னும் பின்னால் உள்ள ரேங்க்குக்கும் கிடைக்கும்.

சாய்ஸ் பட்டியலில் கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் வாய்ப்பு வீணாகிவிடுமா?

ஆகாது. மையத்தில் நான் அதிக நேரம் செலவழிப்பது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

கம்ப்யூட்டர் செய்வது இவ்வளவுதான்: ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கிறது. இடம் இருக்கிறதா? இருந்தால் கொடுத்துவிடுகிறது. இல்லையென்றால் இரண்டாவது வரி. அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. முதல் பத்தும் கிடைக்காவிட்டால், பதினொன்றாவது வரியை ஏதோ கடைசி ஆசையாக எண்ணிப் பின்னால் தள்ளுவதில்லை. அந்த இடத்துக்கு உங்களுக்குப் பின் ரேங்க்கில் உள்ளவர் அதை முதல் சாய்ஸாகப் போட்டிருந்தாலும், உங்களுக்குத்தான் முதலில். எனவே பட்டியல் ஆசையின் வரிசையில் இருக்க வேண்டும். பயத்தின் வரிசையில் போட்டால், கிடைத்திருக்கக்கூடிய நல்ல இடம் கீழே கிடக்க, மேலே பயந்து போட்ட இடம் கைக்கு வந்துவிடும். பிறகு திருத்த வழியில்லை.

போன ஆண்டுகளில் ஒன்றில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். விரல் இடுக்கில் வார்னிஷ் கறை. கோடு போட்ட நோட்டுத் தாளில் பன்னிரண்டு வரி எழுதியிருந்தார், பன்னிரண்டும் கம்ப்யூட்டர் சயின்ஸ். தெரிந்த கல்லூரி நாலு, மற்றதெல்லாம் பெயரைக்கூட அவரே தடுமாறித்தான் படித்தார்.

"எந்தக் காலேஜ்னாலும் பரவால்ல சார், கம்ப்யூட்டர் கிடைச்சாப் போதும்."

மகளிடம் கேட்டேன். "பாப்பா, இந்த ஒன்பதாவது காலேஜ்ல கம்ப்யூட்டரும், திருநெல்வேலி கவர்மென்ட் காலேஜ்ல ஈ.ஈ.ஈ.யும் ரெண்டும் உன் கையில இருக்குன்னு வச்சுக்கோ. எதுல போய்ச் சேருவ?"

அப்பாவைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். "ஈ.ஈ.ஈ." என்றாள், அதாவது மின் பொறியியல். வீட்டில் ஸ்டேட்டர் காயில் சுற்றுவதை ஒன்பதாவதிலிருந்து அவள்தான் எண்ணித் தருகிறாளாம். அப்பாவுக்கு அது தெரியும், ஆனால் அதைப் படிப்போடு சேர்த்து யோசித்ததில்லை.

கேள்வியை அதேபோல வரிக்கு வரி கேட்டுக்கொண்டே போனோம். முக்கால் மணி நேரத்தில் பன்னிரண்டு வரி நாற்பத்தாறு வரியானது. முதல் நாலும் அப்பா சொன்ன கம்ப்யூட்டர் இடங்கள்தான். அவற்றில் சேர அவளுக்கும் மறுப்பில்லை. ஐந்தாவதிலிருந்து வரிசை முழுக்க மாறியது. அவளுக்குக் கிடைத்தது ஆறாவது வரி.

இப்படி இரண்டிரண்டாக எடுத்து, இரண்டும் கையில் இருந்தால் எதில் சேருவேன் என்று கேட்டு அடுக்குங்கள். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம், வரம்பு கிடையாது. ஆனால் கிடைத்தாலும் சேரமாட்டேன் என்று தெரிந்த இடத்தை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள்.

கல்லூரிப் பெயரை வைத்துத் தேடினால் நாலைந்து வருகின்றன. எது என்று எப்படித் தெரியும்?

கல்லூரிக் குறியீட்டெண்ணை வைத்துத் தேடுங்கள். கிண்டிக்கு 1, எம்.ஐ.டி.க்கு 4, கோவை ஜி.சி.டி.க்கு 2005, பி.எஸ்.ஜி. டெக்குக்கு 2006, மதுரை தியாகராஜருக்கு 5008. ஒரே சாமி பெயரில் நாலு மாவட்டத்தில் கல்லூரி இருக்கிறது. பெயரைப் பார்த்து லாக் செய்துவிட்டு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொன்றில் இடம் வந்து விழித்த பையனை எனக்குத் தெரியும்.

பாடப்பிரிவுக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று இருந்தால் சுயநிதிப் பிரிவு. அதே கட்டடம், பெரும்பாலும் அதே ஆசிரியர்கள், அதே பட்டம், கட்டணம் மட்டும் கூடுதல். உதவி பெறும் பிரிவையும் எஸ்.எஸ். பிரிவையும் தனித்தனி வரிகளாகப் போட வேண்டும்.

இடம் வந்தபின் ஐந்து விதமாகக் கேட்கிறார்களே, எதை அமுக்குவது?

ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள்தான் அவகாசம். அந்த இரண்டு நாளும் ஊர்த் திருவிழா, தாத்தா திதி எதையும் பார்க்காதீர்கள்.

வந்த இடமே பிடித்திருந்தால் ஏற்றுக்கொண்டு சேருகிறேன் என்பதை அமுக்கிவிட்டு, குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போய்ப் பணம் கட்டுங்கள். கட்டாவிட்டால் இடம் ரத்தாகி மேலே நகரக் காத்திருப்பவருக்குப் போய்விடும். ஏற்கிறேன், ஆனால் மேல்நகர்வும் வேண்டும் என்பது கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டே காத்திருப்பது; பணத்தைச் சேவை மையத்தில் கட்ட வேண்டும். இதில் ஒரு கண்ணி உண்டு. மேலே உள்ள இடம் வந்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. உங்கள் பட்டியலில் மேலே இருப்பவை மட்டும்தான் பரிசீலிக்கப்படும் என்பதால், பட்டியலை நேர்மையாக அடுக்கியவருக்கு இதில் பயமே இல்லை.

வந்த இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு மேல்நகர்வு மட்டும் கேட்பதும், அடுத்த சுற்றுக்குப் போவதும் துணிச்சல்காரர்களுக்கு. அடுத்த சுற்றில் உங்களுக்கு முன்னாலுள்ளவர்கள் எடுத்து முடித்த மிச்சம்தான் இருக்கும். இதைவிட நல்லது வரும் என்று நம்பிப் போய், இருந்ததையும் விட்டவர்களே அதிகம். ஐந்தாவது, மொத்தமாக விலகுவது. மருத்துவமோ வேறு எங்கோ இடம் உறுதியாகக் கிடைத்தவருக்கு மட்டும்.

சரி சார், எந்தக் கோர்ஸ் எடுக்கலாம்?

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேச வேண்டிய கேள்வி இது. வரிசையில் பின்னால் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

நான் மாணவனாக இருந்த காலத்திலிருந்து பார்க்கிறேன்: ஒரு சீசனுக்கு எல்லோரும் ஈ.சி.ஈ. (மின்னணுவியல், தகவல் தொடர்பு), ஒரு சீசனுக்கு எல்லோரும் மெக்கானிக்கல், இப்போது எல்லோரும் கம்ப்யூட்டர். சேரும் நாளின் அலை நாலு வருடம் கழித்து அப்படியே இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் அலையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, மூன்றாவது செமஸ்டர் பாடங்களை எடுத்துக் காட்டுவேன். முதல் வருடம் பெரும்பாலும் எல்லோருக்கும் பொது: கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், தமிழர் மரபு. 2021 பாடத்திட்டத்தில் சிவில் பிள்ளைக்கும் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் இருந்தது. படிப்பின் உண்மை முகம் மூன்றாவதில்தான் தெரியும்.

கம்ப்யூட்டர் சயின்ஸில் தனிநிலைக் கணிதம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஜிட்டல் அமைப்பு, ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங். நாலாவதில் கணிப்பீட்டுக் கோட்பாடு என்று ஒன்று வரும், அதில் கம்ப்யூட்டரையே தொடமாட்டார்கள். எல்லாம் வட்டமும் அம்புக்குறியும் நிரூபணமும். போனில் கேம் விளையாடப் பிடிக்கும் என்பதால் கம்ப்யூட்டர் எடுத்த பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். ஈ.சி.ஈ.யில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்; ஃபூரியே, லாப்லாஸ் என்று கணிதம் வரிந்துகட்டிக்கொண்டு வரும். பிளஸ் டூவில் தொகையிடலைக் கண்டு ஓடியவர்கள் இருமுறை யோசியுங்கள். ஈ.ஈ.ஈ.யில் மின்காந்தப் புலங்கள், மின் இயந்திரங்கள். மெக்கானிக்கலில் வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், உலோகவியல், உற்பத்தி முறைகள். சிவிலில் நில அளவை, கட்டுமானப் பொருட்கள், குடிநீர் வழங்கல், கழிவுநீர்.

பாடத்திட்டம் அண்ணா பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கிறது. உங்களுக்குத் தோன்றும் இரண்டு பிரிவுகளின் மூன்றாம், நாலாம் செமஸ்டர் பக்கங்களை பிரின்ட் எடுத்து, ஒரு பாடத்தின் முதல் அலகை யூடியூபில் ஒரு மணி நேரம் பாருங்கள். புரிய வேண்டுமென்று அவசியமில்லை. இன்னொரு மணி நேரம் பார்க்கத் தோன்றுகிறதா என்பதுதான் சோதனை. பெற்றோரும் கூட உட்கார்ந்து பார்த்தால் நல்லது. சண்டை பாதி குறையும்.

ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, ஐ.டி. என்று நிறையப் பெயர் இருக்கிறதே?

பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நாலு செமஸ்டரில் பெரும்பகுதி ஒன்றுதான். புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லோருக்கும் உண்டு. கம்பெனிக்காரர்களும் கேம்பஸ் இன்டர்வியூவில் பெரும்பாலும் ஒரே தேர்வைத்தான் வைக்கிறார்கள். எனவே நல்ல கல்லூரியில் ஐ.டி., சுமாரான கல்லூரியில் ஏ.ஐ. என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஐ.டி. எடுக்கலாம்.

அரசு வேலை கனவு இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. தேர்வு அறிவிப்புகளில் இன்ன பட்டம் என்று பெயர் போட்டுத்தான் கேட்பார்கள். புதுப் பெயரில் உள்ள பட்டம் பழைய பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருந்தால்தான் விண்ணப்பம் நிற்கும். பொதுப்பணித்துறை, நெடுஞ்சாலைத்துறை, மின்வாரியம் என்று யோசிக்கிறவர்களுக்குச் சிவிலும் ஈ.ஈ.ஈ.யும் பழைய பெயர்கள். அந்தக் கவலை இல்லை.

கேள்விப்படாத கோர்ஸ்கள் எடுக்கலாமா?

கிண்டியில் ஜியோ-இன்ஃபர்மேட்டிக்ஸ், பிரிண்டிங், மைனிங், அழகப்பாவில் லெதர், செராமிக், எம்.ஐ.டி.யில் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ். சொந்தக்காரர்கள் "தோல் படிப்பா?" என்று மூக்கைச் சுளிப்பார்கள். லெதர் டெக்னாலஜிப் பிள்ளைகளுக்கு அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் பாடம் நடக்கிறது. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் வாணியம்பாடியும் பக்கத்திலேயே இருக்கின்றன. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் மின்வேதியியலோடு சேர்ந்த கெமிக்கல் படிப்பு உண்டு. பேட்டரி பற்றி நாடே பேசும் காலம் இது. இவற்றில் கட்ஆஃப் கம்ப்யூட்டரைவிடக் குறைவாகவே நிற்கும். அந்த வளாகம், அந்த நூலகம், அந்த நண்பர்கள் கிடைப்பதும் ஒரு கணக்கு. ஆனால் சேர்ந்த பிறகு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு போகாதீர்கள். நடக்காது என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

பெண் பிள்ளை மெக்கானிக்கல், ஈ.ஈ.ஈ. எடுக்கலாமா?

கிண்டியில் 1943இலேயே ஏ. லலிதா மின் பொறியியல் படித்து முடித்துவிட்டார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர். அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவின் சம்மதம் வாங்கிச் சேர்த்துவிட்டார். பின்னாளில் கல்கத்தாவில் வேலை பார்த்தபோது பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்கான வேலையிலும் பங்கெடுத்தார். எண்பது வருடத்துக்குப் பிறகும் என்னிடம் இந்தக் கேள்வி வருகிறது. என் வகுப்பில் லேத் ரெக்கார்டை ஒழுங்காக முடிப்பது யார் என்று பையன்களைக் கேட்டுப் பாருங்கள்.

பிளேஸ்மென்ட் 100 சதவீதம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நம்பலாமா?

நூறு என்பது எதில் நூறு என்று கேளுங்கள். அரியர் இல்லாதவர்களை மட்டும் எண்ணினார்களா? ஒரே பிள்ளை மூன்று கம்பெனியில் தேர்வானதை மூன்றாகக் கணக்குப் போட்டார்களா? படத்தில் சிரிக்கும் அதிகபட்சச் சம்பளக்காரரை விட்டுவிடுங்கள். வகுப்பில் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள்.

போர்டைவிட நம்பகமானது நேரில் போய்ப் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வேலை நாளில். அட்மிஷன் ஆபீசில் காபி கொடுப்பார்கள், குடித்துவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள். மூன்றாம் வருடப் பையனிடம், "எத்தனை வாத்தியார் பாதியில் போனாங்க தம்பி?" என்று கேட்டால் போதும். லேபில் மெஷின் மேல் தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெண்கள் கழிவறை எப்படி இருக்கிறது என்று அம்மாவை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரம் பாடப்பிரிவுக்குப் பாடப்பிரிவு தனி. நாக் (NAAC) என்னும் தர மதிப்பீடு கல்லூரி மொத்தத்துக்கும். நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாக வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட முடியாது. பட்டம் இரண்டுக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துடையதுதான்.

கலந்தாய்வுக்கு முன்பே ஒரு கல்லூரியில் சீட் பிடித்து வைக்கச் சொல்கிறார்கள்...

என் சொந்த அண்ணன் இதில் ஏமாந்தார். ரிசல்ட்டுக்கு முன்பே ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்து, இன்றைக்குக் கட்டினால்தான் என்று அவசரப்படுத்தி ஐம்பதாயிரம் வாங்கிப் போனார். பிறகு அண்ணன் மகளுக்குக் கலந்தாய்விலேயே அதே கல்லூரி, அதே பிரிவு வந்தது. ஐம்பதாயிரம் திரும்பி வரவே இல்லை. நானும் கூடப் போய் நாலு தரம் கேட்டேன். சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகளில் 65 சதவீத இடங்கள் கலந்தாய்வுக்கு வருகின்றன, சிறுபான்மைக் கல்லூரிகளில் 50. ரேங்க் லிஸ்ட் வரும் வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.

பாலிடெக்னிக் முடித்தவர்களுக்கு?

நேரடியாக இரண்டாம் ஆண்டு. அதற்கு விண்ணப்பமும் கலந்தாய்வும் தனி.

சேர்ந்த பிறகு தப்பான கோர்ஸ் என்று தெரிந்தால்?

கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்த பிறகுதான் தனக்கு வேண்டியது பொறியியல் என்று குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஏரோநாட்டிகல் சேர்ந்தார். அவ்வளவு பெரிய உதாரணம் வேண்டாமென்றால், என் பழைய மெக்கானிக்கல் மாணவர்களில் பாதிப் பேர் இன்று சாஃப்ட்வேரில் இருக்கிறார்கள். பொறுமையாக உட்கார்ந்து மாறினார்கள். ஆனால் முதல் மாதமே இது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பிடிக்காதது ஹாஸ்டல் சாப்பாடு. ஒரு செமஸ்டர் போகட்டும்.

முதல் நாள் என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஒதுக்கீட்டு ஆணை, டி.சி., பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், போட்டோ. ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ். கொடுப்பதற்கு முன் எல்லா ஒரிஜினலையும் போனில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலைக் கல்லூரியில் வாங்கிக்கொண்டால் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ரசீது கேளுங்கள்.

வாசல் கடைக்காரர் டிராஃப்டர், டிராயிங் போர்டு எல்லாம் செட்டாகத் தருகிறேன் என்பார். 2021 பாடத்திட்டத்தில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் இரண்டாம் செமஸ்டரில்தான் இருந்தது; உங்களுக்கு எப்போது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்குள் ஏதாவது ஒரு சீனியர் பாதி விலைக்குத் தந்துவிடுவார்.